கொரோனா வார்டில் நாம் எப்படித் தாங்கினோம்? ஜூனியர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள், எனக்கு எதுவும் வரவில்லை

பாலக்கோடு_ஸ்டாஃப்:

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கே என்பது வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். தலைப்பு ‘பெருந்தொற்றுக் காலத்தில் செவிலியர் மனஅழுத்தத்தைச் சமாளிக்கும் முறைகள்’. நீ இரண்டு அலையிலும் கொரோனா வார்டில் இருந்தவள்தானே, நீயே பேசு என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நேற்று உட்கார்ந்து எழுதப் பார்த்தேன். மூச்சுப் பயிற்சி, யோகா, நல்ல தூக்கம், குடும்பத்தோடு நேரம் செலவிடுதல் என்று நாலு வரி வந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை, ஏனென்றால் இதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. ஏழு நாள் டூட்டி, ஏழு நாள் லாட்ஜில் தனிமை, குடும்பத்தோடு நேரம் எங்கே இருந்து வரும்? நான் எப்படிச் சமாளித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சமாளித்தேனா என்பதும் சந்தேகம்தான்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். 2021 மே மாதம் எங்கள் வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் ஆக்ஸிஜன் ஓடியது. ஆக்ஸிஜன் வருகிற வழியில் ஒரு தண்ணீர் பாட்டில் மாட்டியிருப்போமே, அதில் குமிழி வந்துகொண்டே இருக்கும். இரவில் எல்லாக் கட்டிலிலும் அந்தக் குளுகுளு சத்தம்தான். அது கேட்கிறவரை நிம்மதி. ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் சிலிண்டர் தீருகிறது என்று அர்த்தம், கிட்டை, அதாவது உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்பு உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். இப்போது தர்மபுரியில் என் நாத்தனார் வீட்டு ஹாலில் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். அதே சத்தம். போன பொங்கலுக்கு அங்கே தங்கியபோது நடுராத்திரியில் எழுந்து போய் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அண்ணன் வந்து லைட் போட்ட பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்பதே உறைத்தது.

இந்த நிலைமையில் நான் யாருக்கு வகுப்பு எடுப்பது? உங்களுக்கு உண்மையில் எது உதவியது என்று சொல்லுங்கள். புத்தகத்தில் இருப்பது வேண்டாம்.

---

முன்னாள்_இன்சார்ஜ்:

வாம்மா. நான் கிருஷ்ணகிரிப் பக்கம், ஓய்வு பெற்றுவிட்டேன். கொரோனா முழுக்க வார்டு இன்சார்ஜாக இருந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் ஒரு விஷயம். 2020 மே தொடக்கத்தில் வந்த கொரோனா மண்டலப் பட்டியலில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலம், அதாவது தொற்று இல்லாத மாவட்டம், எங்கள் கிருஷ்ணகிரி மட்டும்தான். நமக்கெல்லாம் வராது என்று ஊரில் ஒரே பெருமை. வார்டில் நாங்கள் மட்டும் காலிக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, நோயாளி வந்த பிறகு இருந்த பயத்தைவிட அதுதான் பிள்ளைகளை அதிகமாக அரித்தது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது, மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூத்திரத்தைப் பற்றிப் பேசு. கிட்டைப் போட்டால் ஆறு மணி நேரம் கழற்ற முடியாது என்று எங்கள் பிள்ளைகள் முந்தைய ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்தார்கள். பீரியட்ஸ் நாட்களில் இன்னும் மோசம். தலைவலி, எரிச்சல், ஒருத்திக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன். சின்ன விஷயத்துக்குச் சண்டை, அழுகை. இவர்களுக்கு மன உளைச்சல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி தாகம். அப்புறம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றினேன். கிட் கூடுதலாகச் செலவாகிறது என்று மேலே இருந்து திட்டு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

யாருக்கு எங்கே டூட்டி என்ற ரோஸ்டரை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். என் தவறும் அந்த நோட்டில்தான் இருக்கிறது. எவள் முனகாமல் போகிறாளோ அவளையே திரும்பத் திரும்ப ஐ.சி.யூ.வுக்கு அனுப்பினேன். முனகுகிறவளுக்கு விலக்கு, பேசாதவளுக்குத் தண்டனை. ஒரு நாள் நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தபோது ஒரே பெயர் ஐந்து வாரம் தொடர்ந்து வந்திருந்தது. கூப்பிட்டு ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டால், “நீங்கதானே சிஸ்டர் எழுதினீங்க” என்றாள். இன்றைக்கும் அது எனக்கு முள்தான்.

அதற்குப் பிறகு இரண்டு பேராகத்தான் போட்டேன், ஒரு பழைய ஆள் ஒரு புது ஆள். கிட் போடும்போதும் கழற்றும்போதும் ஒருத்தியை ஒருத்தி பார்க்க வேண்டும். கழற்றும்போதுதான் தொற்று பயம் அதிகம், அந்த நேரத்தில் கூட ஒரு கண் இருந்தால் பாதி நடுக்கம் போய்விடும். லாட்ஜில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் அடிப்பேன். சாப்பிட்டியா, தூங்கினியா, அழுதியா, இவ்வளவுதான் கேள்வி. மூன்றாவது கேள்விக்கு முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அதற்குத்தான் பதில் நீளமாக வந்தது.

இறந்தவரைக் கவரில் கட்டும் வேலையைப் பற்றியும் சொல்லிவிடு, மறைக்காதே. பார்த்துக்கொண்ட ஆளே கட்ட வேண்டாம், வேறு ஆள் செய்யட்டும் என்று ஒரு விதி வைத்திருந்தேன். ஒரு பிள்ளை அதை மீறினாள். பத்து நாளாக அவள்தான் அந்த அம்மாவுக்குத் தலை சீவிவிட்டாளாம், கடைசியிலும் நானே சீவி அனுப்புகிறேன் என்றாள். விட்டேன். அவள் அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கியதாகச் சொன்னாள். அதனால் விதி போட்டாலும் கேட்டுவிட்டுப் போடு.

---

ராகிக்களி:

மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னுமா இதைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? எல்லோருக்கும்தான் கஷ்டம். டெய்லருக்கும் கஷ்டம், லாரி டிரைவருக்கும் கஷ்டம்.

---

ஒப்பந்தக்காரி:

ராகிக்களி அண்ணா, யாருக்கும் கஷ்டம் இல்லை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அக்கா கேட்டது வேறு.

அக்கா, நான் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸ். அரூர்ப் பக்கம். உங்கள் வகுப்பில் மூச்சுப் பயிற்சி சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வைரஸ் மட்டும் இல்லை. 2020 மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் தெருவே கைதட்டியது. நானும் வாசலில் நின்று அழுதேன், சந்தோஷத்தில். ஒரு மாதம் கழித்து அதே தெருவில் வீட்டுக்காரம்மா, “தப்பா நினைக்காதம்மா, வீட்டில் வயசானவங்க இருக்காங்க, வேற இடம் பாத்துக்க” என்றார். நர்ஸுகளைத் தெய்வம் என்றார்கள், அந்தத் தெய்வத்துக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை.

2021 மே மாதம் செவிலியருக்கு மூன்று மாதத்துக்குச் சேர்த்து 20,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்தது, நல்ல விஷயம், நன்றியோடு சொல்கிறேன். அப்புறம் 2022 டிசம்பர் 31 வந்தது. எங்களைப் போல 2,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அன்றோடு ஒப்பந்தம் முடிந்தது. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாகத் தற்காலிக வேலை என்றார்கள், அது தனிக்கதை. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஆளுக்கு மன உறுதி பற்றி வகுப்பு எடுத்தால் என்ன ஆகும்? தலையாட்டிவிட்டுப் போவாள். ஜூனியர்களிடம் ஒப்பந்தத்தில் லீவு எத்தனை, தொற்று வந்தால் சம்பளம் பிடிப்பார்களா, தங்க இடம் யார் தருவது என்பதை முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் மனநலம்.

---

மனநல_ஆலோசகர்:

கிருஷ்ணகிரியில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஒப்பந்தக்காரி சொன்னதை முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் ஆட்கள் செய்கிற பெரிய தப்பு, நிர்வாகம் சரிசெய்ய வேண்டியதை நர்ஸின் மனசுக்குள் போய்ச் சரிசெய்யப் பார்ப்பது.

கேள்வி கேட்டவருக்கு இரண்டு மூன்று விஷயம். உங்களுக்கு வந்தது பலவீனம் இல்லை. 2020 தொடக்கத்தில் வூஹான் உள்ளிட்ட சீன நகரங்களில் 34 மருத்துவமனைகளில் 1,257 ஊழியர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள், 71.5 சதவீதம் பேருக்கு மன உளைச்சல். அதிலும் செவிலியருக்கும், பெண்களுக்கும், நேரடியாக நோயாளியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கும் தீவிரம் கூடுதல். இது கேள்வித்தாளை வைத்து எடுத்தது, அத்தனை பேரும் மனநோயாளி என்று அர்த்தம் இல்லை. ராகிக்களிக்கும் ஒரு தகவல். 2003இல் கனடாவின் டொராண்டோவில் சார்ஸ் என்ற, கொரோனா போலவே மூச்சைத் தாக்கும் தொற்று வந்தபோது வேலை செய்தவர்களை ஒன்று, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தார்கள். சார்ஸ் பார்க்காத ஊர் ஆஸ்பத்திரி ஊழியர்களைவிட இவர்களிடம் சோர்வும் உளைச்சலும் அதிகமாகவே இருந்தது. நோய் போனதும் எல்லாம் போய்விடுவதில்லை.

வகுப்புக்கு ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, நடந்ததை எல்லோரும் ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் பேசவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று முன்பு நம்பினார்கள். பின்னால் செய்த ஆய்வுகளில் அதனால் பலன் தெரியவில்லை, சிலருக்குத் தொந்தரவு கூடியது. இன்சார்ஜ் அம்மா போனில் செய்தாரே, அதுதான் சரி. கவனிப்பது, பேசினால் கேட்பது, தேவைப்பட்டால் உரிய இடத்துக்குக் கைகாட்டுவது. அவர் படித்துச் செய்தாரா, தானாகச் செய்தாரா தெரியவில்லை, ஆனால் உளவியல் முதலுதவி என்று நாங்கள் சொல்லித் தருவது அதுதான்.

இன்னொன்று, ஒரே கட்டில், இரண்டு நோயாளி, யாருக்கு என்று முடிவெடுத்த இடத்தில் நின்றவர்கள் என்னிடம் வந்து ‘பயமாக இருந்தது’ என்று சொன்னதில்லை. ‘நான் தப்பு செய்துவிட்டேன்’ என்றுதான் சொன்னார்கள். அது பயம் இல்லை, மனசாட்சியில் பட்ட காயம். அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. அந்த முடிவு உன் ஒருத்தியுடையது இல்லை என்று டாக்டரும் மேலதிகாரியும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மீன் தொட்டி விஷயம். இவ்வளவு காலம் கழித்தும் ஒரு சத்தம் உங்களை எழுப்பிக்கொண்டுபோய் நிறுத்துகிறது என்றால், தயவுசெய்து ஒருவரைப் பாருங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, குணமாகிறவர்கள் நிறைய. நம் ஆஸ்பத்திரியிலேயே சீட்டுப் போட்டால் நாளைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நர்ஸுகள் தயங்குவது எனக்குத் தெரியும், அதில் தப்பும் இல்லை. 14416க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்லாமலும் பேசலாம். நேரில் போக வேண்டுமென்றால் ஓசூரைத் தாண்டினால் பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை.

---

காவேரிப்பட்டணத்தான்:

நான் நர்ஸ் இல்லை, நர்ஸின் வீட்டுக்காரன். மாம்பழக்கூழ் பேக்டரியில் வேலை. சீசன் நேரம், எனக்கும் டூட்டி, அவளுக்கும் டூட்டி, பையன் என் அம்மாவிடம்.

அவள் வந்ததும் வீட்டுக்குள் வர மாட்டாள். வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேலேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். ஆரம்பத்தில் நான் வாசலில் நின்று இன்றைக்கு எத்தனை பேர், என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அப்புறம் வேலையை விட்டுவிடு என்பேன். அக்கறையில்தான். ஒரு நாள் பொறுக்காமல், “அங்கேயும் பதில் சொல்லணும் இங்கேயும் பதில் சொல்லணுமா” என்றாள். அன்றிலிருந்து பின்பக்கம் வெந்நீர் போட்டுவைத்து, துணி நனைக்க வாளி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்தப் பத்து நிமிடம் அவளுடையது.

அவளாகப் பேசியது ஒரே ஒரு முறை. தளி பக்கத்துப் பாட்டி ஒருத்தர், தெலுங்கு மட்டும்தான் வருமாம், மாஸ்க்குக்குள்ளிருந்து ‘நீள்ளு, நீள்ளு’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இவளுக்கு அது தண்ணீர் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு என்னிடம் பத்துத் தெலுங்கு வார்த்தை கேட்டுக் கையுறைமேல் பேனாவால் எழுதிக்கொண்டு போனாள். வலி, தண்ணீர், பயப்படாதீங்க, மகன் போனில் இருக்கிறார், இந்த மாதிரி. அதைச் செய்த வாரம் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். ஏனென்று எனக்குத் தெரியாது, சொல்லத் தோன்றியது.

---

ராகிக்களி:

சரி, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். என் அப்பாவை அந்த மே மாதத்தில் சேர்த்தோம், திரும்பி வரவில்லை. போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒரு சிஸ்டர் வீடியோவில் காட்டினார். முகம் தெரியவில்லை, முதுகில் மார்க்கரில் பெயர் எழுதியிருந்தது, அதையும் நான் சரியாகப் படிக்கவில்லை. இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எரிச்சல் வருகிறது எனக்கு.

---

பாலக்கோடு_ஸ்டாஃப்:

எல்லோருக்கும் சேர்த்துப் பதில். ராகிக்களி அண்ணா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்த மார்க்கர் எழுத்து எங்கள் முதுகில் எங்களுக்கே தெரியாது, அடுத்தவள்தான் எழுதிவிடுவாள். 14416 உங்களுக்கும்தான், நர்ஸுகளுக்கு மட்டும் இல்லை.

இன்று மதியம் நானே அடித்தேன். இருபது நிமிடம் பேசினேன், பெயர் சொல்லவில்லை. அடுத்த வாரம் நேரில் பார்க்கவும் ஏற்பாடு செய்துகொண்டேன், எங்கே என்று சொல்ல மாட்டேன். நாத்தனாரிடம் மீன் தொட்டி பற்றியும் சொல்லிவிட்டேன். ராத்திரி மட்டும் மோட்டாரை நிறுத்திவிடவா என்று கேட்டார், நிறுத்தினால் மீன் செத்துவிடுமாம். வேண்டாம், ஓடட்டும் என்றேன்.

வகுப்பில் தண்ணீர், கழிவறை, ரோஸ்டர், ஒப்பந்தம், இந்த வரிசையில் தொடங்கப் போகிறேன். மூச்சுப் பயிற்சி நேரம் இருந்தால். கையுறைத் தெலுங்கு கண்டிப்பாக உண்டு. இன்சார்ஜ் அக்கா, அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா? அந்த ஐந்து வாரப் பக்கத்தை மட்டும், பெயர்களை மறைத்துவிட்டுப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? உங்களுக்குச் சம்மதம் என்றால்தான்.

---

முன்னாள்_இன்சார்ஜ்:

பரண்மேல் இருக்கிறது. பேரன் டியூஷன் முடிந்து வரட்டும், ஏறி எடுக்கச் சொல்கிறேன். மறைக்க வேண்டிய பெயர் ஒன்றுதான், அவளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.