கருவாடு வாங்காத வீட்டில் கருவாட்டு வாடை: நாயின் பின்பக்கச் சுரப்பியும் நாங்கள் வைத்த சாப்பாடும்

திருச்சி லட்டு வீடு:

வீட்டில் யாரும் கருவாடு வாங்கவில்லை. ஆனால் சோபாவில் கருவாட்டு வாடை. மெத்தை உறையைக் கழற்றித் துவைத்தேன், வெயிலில் போட்டேன். இரண்டு நாளில் மறுபடி அதே வாடை. கடைசியில் பார்த்தால் லட்டு படுத்து எழுந்த இடமெல்லாம் அப்படித்தான் இருந்தது.

லட்டு எங்கள் பக் வகை நாய், ஆறு வயசுப் பெண். மொசைக் தரையில் பின்பக்கத்தை அழுத்தி உட்கார்ந்து, முன்னங்காலால் தன்னையே இழுத்துக்கொண்டு ஹாலில் இருந்து சமையலறை வரை போவாள். பிள்ளைகள் சிரித்து வீடியோ எடுத்தார்கள், நானும் சிரித்தேன். "வயித்துல பூச்சி, மாத்திரை வாங்கிக் குடு" என்றார் அத்தை. கொடுத்தோம். ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் கால்நடை டாக்டரிடம் போனோம். அவர் கையுறை போட்டு ஆசனவாயின் இரண்டு பக்கமும் அழுத்தியதும் பழுப்பு நிறத்தில் களிம்பு மாதிரி வந்தது. காத்திருந்தவர்கள் வாசலுக்கே போய்விட்டார்கள். அன்றைக்கு லட்டு துள்ளிக் குதித்து வந்தாள். சரியாகிவிட்டது என்று நினைத்தோம். நான்கு வாரத்தில் மறுபடி இழுத்தாள், மறுபடி போய் அழுத்திவிட்டு வந்தோம். எட்டு மாதம் இப்படியே ஓடியது. அந்தச் செலவை நாங்கள் மளிகைக் கணக்கு மாதிரி எழுதி வைக்க ஆரம்பித்திருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலைத் தூக்கினால் கத்தினாள். வலது பக்கம் நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது. சாயங்காலம் உடைந்து ரத்தமும் சீழுமாக ஒழுகியது. என் வெள்ளைத் துண்டு ஒன்று போனது, தூக்கமும் போனது. கழுவி மருந்து வைத்து, ஆன்டிபயாட்டிக், வலி மருந்து, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. எல்லாம் முடிந்த பிறகுதான் இன்னொரு டாக்டரம்மா, மூத்தவர், எட்டு மாதமாக யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "மோஷன் எப்படிப் போகுது?"

எனக்கும் என் கணவருக்கும் பதில் தெரியவில்லை. அவர்தான் தினமும் இருட்டில் காலி மனைக்குக் கூட்டிப்போவார். யார் குனிந்து பார்க்கிறார்கள்? மறுநாள் டார்ச்சோடும் பழைய பேப்பரோடும் போனார். கேசரி பதத்தில் இருந்ததாம். அள்ளினால் பாதி மண்ணோடு ஒட்டிக்கொண்டது.

டாக்டரம்மா கடிகாரம் வரைந்து காட்டினார். ஆசனவாயை முள் இல்லாத கடிகாரமாக நினைத்துக்கொண்டால், நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் பக்கத்தில் உள்ளே இரண்டு சின்னப் பைகள். கெட்டியான மலம் வெளியே வரும்போது அந்தப் பைகளை நசுக்கிக்கொண்டு வரும், உள்ளே இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். மலம் தளர்ந்து போனால் அது வழுக்கிக்கொண்டு போய்விடும், பைகள் நிறைந்தபடியே இருக்கும். தேங்கிய திரவம் கெட்டியாகும், வழி அடைபடும், கிருமி சேரும். "நான் அழுத்துறது அவ குடல் செய்ய வேண்டிய வேலையை. அதை எத்தனை நாளைக்கு நான் செய்யறது?" என்றார்.

பிறகு என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. காலையில் பாலில் நனைத்த பிரெட். மதியம் சோறும் சிக்கன் குழம்புத் தெளிவும், அதில் வெங்காயமும் பூண்டும் கரைந்திருக்கும், இரண்டுமே நாய்க்கு ஆகாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் அத்தையின் டீ பிஸ்கெட். ராத்திரி தயிர் சோறு. நடுவில் பிள்ளைகளின் கைமிச்சம். எடை 11 கிலோ, பக் நாய்க்கு எட்டைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். இந்தக் கொழுப்பும் பைகள் காலியாவதற்குத் தடைதான் என்றார்.

முதலில் பாலை நிறுத்தினோம். வளர்ந்த நாய்கள் நிறையவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. நான்கே நாளில் பாதி வித்தியாசம் தெரிந்தது. எலும்பில்லாத சிக்கனும் கொஞ்சம் சோறும் வேகவைத்து, உப்பு காரம் இல்லாமல் அவித்து மசித்த மஞ்சள் பூசணி இரண்டு ஸ்பூன் கலந்து வைத்தோம். சிக்கனும் சோறும் மட்டும் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டக்கூடாது, கால்சியமும் மற்ற சத்தும் கிடைக்காது என்பதால், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அளந்து போடும் முழுச்சத்து உலர் தீவனத்துக்கு மாற்றினோம். பூசணி மட்டும் தொடர்கிறது. ஏழு மாதத்தில் எடை 8.6 கிலோ. கடைசி ஐந்து மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் அழுத்தவேண்டி வந்தது, அதுவும் கல்யாண வீட்டில் யாரோ பாயாசம் கொடுத்த பிறகு.

உங்கள் வீடுகளில் எப்படி?

கோவை லேப் அப்பா:

அக்கா, எங்க பையன் லேப்ரடார், அப்ப 42 கிலோ. உங்க கதையில பாதி எங்க கதை. நார்ச்சத்து நல்லதுன்னு எங்கயோ படிச்சுட்டு, டாக்டர்கிட்ட கேக்காம இசப்கோல் வாங்கினேன். ரெண்டு ஸ்பூனை அப்படியே தீவனத்து மேல தூவிட்டேன். ஊற வைக்கல. தண்ணிக் கிண்ணமும் அன்னைக்குக் காலியா இருந்துருக்கு. மூணு நாள் அவன் முக்கினதைப் பார்த்து நான் அழுதேன். அது தண்ணிய உறிஞ்சி உப்புற சாமான், உள்ள போய் உறிஞ்சினா என்ன ஆகும்? டாக்டர் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. இப்ப அவர் சொன்ன அளவுல, தண்ணில நல்லா ஊறி ஜெல் மாதிரி ஆனதுக்கப்புறம்தான் கலக்கறேன். நல்லா இருக்கான். ஆனா எடை இன்னும் 37 வரைக்கும்தான் குறைஞ்சிருக்கு. வீட்டுல மூணு பேரு தனித்தனியா பிஸ்கெட் போட்டுட்டு இருந்தோம்னு இப்பதான் தெரிஞ்சுது, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல.

மதுரைக்காரன்:

எலும்பு பத்தி யாரும் சொல்லலையே. எலும்பு போட்டா மலம் கெட்டியாகும், சுரப்பி தானா காலியாகும்னு ஒருத்தர் சொன்னாரு. கெட்டியாகுறது நிஜம்தான், சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையா வரும். எங்கப்பாவும் "நாய்னா எலும்பு திங்காம என்ன திங்கும்" கட்சி. ஞாயிறு ஆட்டுக்கறி எலும்பு மொத்தமும் அதுக்குத்தான். குக்கர்ல வெந்த எலும்பு. ஒரு தடவை நாலு நாள் அடைச்சுக்கிச்சு. மயக்க ஊசி போட்டு எனிமா குடுத்துதான் எடுத்தாங்க. வெந்த எலும்பு சிம்பு சிம்பா உடைஞ்சு குடலைக் கிழிச்சிருந்தா பிழைச்சிருக்காதுன்னாங்க. அப்பா அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. எலும்பு போடறதும் இல்ல.

கோவில்பட்டி வேட்டைநாய்:

எங்க வீட்ல சிப்பிப்பாறை. கம்பங்கூழு, முட்டை, எப்பவாவது கறி. நாள் முழுக்க ஓட்டம். இந்தச் சுரப்பி வியாதியே நான் கேள்விப்பட்டதில்ல, பட்டணத்து நாய்க்குச் செல்லம் குடுத்து வர்றதுன்னு நினைச்சிருந்தேன். போன வருசம் எங்களுதும் தரையில தேய்ச்சுது. எனக்குத் தலைகுனிவு. தூக்கிப் பார்த்தா வால் அடியில அரிசி மாதிரி வெள்ளையா ஒட்டிக்கிட்டிருந்துச்சு, சிலது நெளிஞ்சுது. நாடாப்புழுத் துண்டு. உண்ணிப் பூச்சியத் தின்னு வர்றதுன்னு நினைச்சேன், இல்லையாம், தெள்ளுப்பூச்சியாலயாம். நாய் கடிச்சுச் சொறியும்போது தெள்ளை முழுங்கிடுது, அதுக்குள்ள இந்தப் புழுவோட குஞ்சு இருக்கு. சாதாரண உருண்டைப்புழு மாத்திரை சிலதுக்கு இது கேக்காது, பிராசிகுவான்டல்ங்கிற மருந்து சேர்ந்ததா வேணும். தெள்ளையும் ஒழிக்கணும், இல்லன்னா மறுபடி வரும். திருச்சி அக்கா, உங்க அத்தை சொன்னது உங்க லட்டுவுக்குத் தப்பு, எங்க நாய்க்குச் சரி. அவங்ககிட்ட சொல்லிடுங்க.

வேளச்சேரி மூணாவது மாடி:

எல்லாருக்கும் பூசணி வேலை செஞ்சதுபோல. எனக்குச் செய்யவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் காக்கர் ஸ்பானியலுக்குப் பூசணி, இசப்கோல், சக்கரைவள்ளி எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். மலம் ஓரளவு கெட்டியாகத்தான் இருந்தது. ஆனாலும் மாதம் ஒரு தடவை சுரப்பி நிறைந்தது. கூடவே காது நாற்றம், பாதத்தை ராத்திரி முழுக்க நக்குதல். இவை மூன்றையும் நான் மூன்று தனி நோயாகப் பார்த்தேன், மூன்று தனி மருந்து வாங்கினேன். தோல் பார்க்கும் டாக்டர் ஒருவர்தான் சேர்த்துப் பார்த்தார். ஒவ்வாமை இருந்தால் தோல் வீங்குகிற மாதிரியே அந்தப் பையின் வாயும் வீங்கி அடைத்துக்கொள்ளும் என்றார்.

எந்தச் சாப்பாடு ஆகவில்லை என்று கண்டுபிடிக்க எட்டு வாரம், அதுவரை சாப்பிட்டே இராத ஒரே புரதம், வேறு எதுவும் கிடையாது. எங்களுக்கு அது மீன். உப்பில்லாமல் அவித்து முள் எடுத்து. வீடே துறைமுகம் ஆகிவிட்டது, சுரப்பி வாடைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு. ஐந்தாவது வாரத்தில் அப்பா "ஒரே ஒரு துண்டுதானேப்பா" என்று சிக்கன் கொடுத்தார். ராத்திரியே நக்க ஆரம்பித்தது. மறுபடி முதலில் இருந்து எட்டு வாரம். முடிந்த பிறகு டாக்டர் சொல்லி வேண்டுமென்றே சிக்கன் கொடுத்துப் பார்த்தோம். நான்கு நாளில் காது, பாதம், பின்பக்கம், மூன்றும் திரும்பி வந்தன. வயிற்றுக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிற சிக்கன் சோறுதான் எங்கள் வீட்டு வில்லன்.

இன்னொன்று. குளிப்பாட்டும் கடையில் ஒவ்வொரு முறையும் கேட்காமலே அழுத்திவிடுவார்கள். பிரச்சினை இல்லாத நாய்க்கு அது தேவையில்லை. அழுத்த அழுத்த அந்த இடம் புண்படும். இப்போது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லட்டு வீடு:

வேளச்சேரி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் லட்டுவின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு இல்லை. ஆனால் பார்க்க வேண்டும் என்று இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. கோவில்பட்டி தம்பி, அத்தையிடம் படித்துக் காட்டினேன். "நான் சொன்னா யாரு கேக்கறா" என்று சொல்லிவிட்டு பிஸ்கெட் டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றினார்.

பெயர் வேண்டாம்:

கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன். எங்கள் நாய்க்குப் பதினொரு வயது. இடது பக்கம் மட்டும் கெட்டியாக ஒரு கட்டி. சுரப்பிதான் என்று நினைத்து ஒரு மாதம் பூசணி கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த மாதம் முழுக்க நிறையத் தண்ணீர் குடித்தது, நிறைய மூத்திரம் போனது, வெயில் காலம் என்று விட்டுவிட்டோம். கடைசியில் பரிசோதித்தால் ரத்தத்தில் கால்சியம் மிக அதிகம். அந்தப் பையில் வரும் ஒருவகைப் புற்றுநோய் கால்சியத்தை இப்படி ஏற்றிவிடுமாம். வயதான நாய், ஒரே பக்கம், அழுத்தினாலும் சுருங்காத கட்டி என்றால் சாப்பாட்டை மாற்றிக் காத்திருக்காதீர்கள். டாக்டரை விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோவை லேப் அப்பா:

ரொம்ப வருத்தமா இருக்குங்க. நாளைக்கே எங்க பையனையும் காட்டிடறேன், அவனுக்கும் ஒன்பது வயசு.

திருச்சிக்குப் புதுசு:

அக்கா ஒரு டவுட்டு. ரெண்டு ஸ்பூன் பூசணின்னா எந்த ஸ்பூன்? எங்களுது பொமரேனியன், நாலு கிலோ. அப்புறம் ஆபரேஷன் பண்ணிப் பையையே எடுத்துடலாம்னு ஒருத்தர் சொன்னாரு.

லட்டு வீடு:

சாப்பாட்டு ஸ்பூன், எட்டுக் கிலோ நாய்க்கு. உங்களுக்கு டீஸ்பூனில் ஒன்று போட்டு ரெண்டு நாள் மலத்தைப் பாருங்கள். பூசணி ஏறினாலும் பேதியாகும், நாங்கள் அதையும் செய்து பார்த்துவிட்டோம். ஆபரேஷன் பற்றி நானும் கேட்டேன். மலத்தை அடக்கும் தசை அந்தப் பைகளைச் சுற்றியேதான் இருக்கிறது, நரம்பில் கத்தி பட்டுவிட்டால் நாய்க்கு அடக்க முடியாமல் போகலாம், அதனால் எல்லாம் செய்து பார்த்த பிறகுதான் என்றார் டாக்டரம்மா. வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் வீட்டில் அழுத்தவே அழுத்தாதீர்கள், உள்ளே உடைந்துவிடும்.

என் கணவர் டார்ச்சையும் பேப்பரையும் விடவில்லை. தினமும் காலையில் படம் எடுத்து வீட்டு வாட்ஸப் குழுவில் போடுகிறார், காபி குடிக்கும் நேரத்துக்குச் சரியாக. இன்றைக்கு இரண்டு துண்டு, கெட்டி, பேப்பரில் ஒட்டவில்லை. அத்தை அதற்குக் கட்டைவிரல் போட்டிருக்கிறார்.