மினியாபொலிஸில் பிரின்ஸ் கருத்தரங்கு: போய்வந்தவர்களின் அனுபவங்கள்

2018 ஏப்ரல் நடுவில், பாடகர் பிரின்ஸைப் பற்றி மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அப்போது நான் பக்கத்து ஊரில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இங்கே பிரின்ஸ் ரசிகர்கள் சிலர் இருப்பதால் பார்த்ததையும் கேட்டதையும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

கருத்தரங்குக்கு முந்தைய வார இறுதியில் ஊரையே முடக்கிப்போட்ட பனிப்புயல். ஏப்ரல் பாதி போன பிறகு ஓர் அடிக்கு மேல் பனி. மினசோட்டாக்காரர்களுக்கே அது அதிகம். ஏப்ரலில் சில சமயம் பனி பெய்யும் என்று பிரின்ஸே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். 1986-இல் வந்த 'பரேட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. பதிவானது 1985 ஏப்ரல் 21. அவர் இறந்தது 2016 ஏப்ரல் 21. அரங்கின் வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாமல் இந்தப் பாட்டை வைத்துத்தான் பேச ஆரம்பித்தார்கள்.

வந்திருந்தவர்களை ஒரே கூட்டமாகச் சொல்ல முடியாது. ஆய்வுக்கட்டுரை வாசிக்க வந்த பேராசிரியர்கள், 80-களில் ஊர் கிளப்புகளில் வாசித்த இசைக்காரர்கள், தலை முதல் கால் வரை ஊதா உடுத்திய ரசிகர்கள், அம்மா கேட்ட பாட்டு என்பதால் வந்த கல்லூரிப் பிள்ளைகள். இசையியல் பேராசிரியர் ஒருவர் ஒரு பாட்டின் ஆண்டை மாற்றிச் சொன்னதும் பின்வரிசையில் இருந்து நாலு பேர் திருத்தினார்கள். அவரும் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. யார் பட்டம் வாங்கியவர், யார் டிக்கெட் வாங்கியவர் என்ற வித்தியாசம் அங்கே சீக்கிரமே காணாமல் போய்விட்டது.

எனக்கு மிகவும் பயன்பட்ட அமர்வு, ஊரைப் பற்றியது. பிரின்ஸ் வானத்தில் இருந்து விழுந்த மேதை என்று எழுதுவது சுலபம். வடக்கு மினியாபொலிஸில் வளர்ந்த ஒரு பெரியவர் அந்தப் பேச்சை ஒப்புக்கொள்ளவே இல்லை. பிளிமத் அவென்யூவில் 1966-இல் 'தி வே' என்றொரு சமூக நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே தெருவில் கலவரம். கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் நிற்காமல் உள்ளே வந்து கற்றுக்கொள்ள அங்கே வகுப்பு இருந்தது, பயிற்சிக்கு இடம் இருந்தது. பிரின்ஸும் அவர் வயதுப் பையன்களும் அங்கே வாசித்துப் பழகியவர்கள். அந்த இடத்தில் இப்போது இருப்பது காவல் நிலையம். அந்தப் பெரியவர் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. ஆனால் அரங்கில் இருந்த உள்ளூர்க்காரர்களின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த ஊரில் கறுப்பின இசையை ஒலிபரப்பிய சின்ன வானொலி நிலையம் பகலில் மட்டும்தான் வேலை செய்யும். பொழுது சாய்ந்தால் ராக் நிலையங்கள்தான். ஆக ஒரே பையன் மாலை வரை ஜேம்ஸ் பிரவுன் கேட்பான், ராத்திரி கிட்டார் இசை கேட்பான். இதோடு வீட்டில் அப்பா ஜான் நெல்சன் ஜாஸ் பியானோக்காரர், அம்மா மேட்டி ஷா பாடகி. பெற்றோர் பிரிந்த பிறகு வீடு வீடாக மாறி, கடைசியில் நண்பன் ஆந்த்ரே சைமோனின் வீட்டு அடித்தளத்தில் தங்கியிருக்கிறார். அங்கேதான் அவர்களுடைய 'கிராண்ட் சென்ட்ரல்' இசைக்குழு பயிற்சி செய்தது. 1976-இல் கிறிஸ் மூன் என்ற ஸ்டூடியோக்காரர் தன் ஸ்டூடியோச் சாவியையே பிரின்ஸிடம் கொடுத்துவிட்டார். மறு ஆண்டு வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம், வயது 19. 1978-இல் முதல் ஆல்பம், அதில் 27 இசைக்கருவிகளை வாசித்தவர் என்று அவர் பெயர் மட்டும். தனியாளாக வாசித்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தனியாளுக்குச் சாவி கொடுத்தவர், சோறு போட்ட நண்பனின் அம்மா, இடம் கொடுத்த சமூக நிலையம் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அதைக் கேட்க அங்கே போனது வீண் இல்லை.

அப்புறம் டிரம் மெஷின். லின் எல்.எம்.-1 என்ற கருவி 1980-இல் வந்தது. நிஜ டிரம் ஓசைகளைப் பதிந்து வாசித்த முதல் மெஷின். உருவானவை சுமார் 500 மட்டுமே. ஒவ்வோர் ஓசையின் சுருதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்க அதில் குமிழ்கள் உண்டு. பிரின்ஸ் என்ன செய்தார் என்றால், டிரம்மின் விளிம்பில் குச்சியால் தட்டும் ஓசையைக் கீழே இறக்கி, ஓசையை மாற்றக் கிட்டாருக்குப் போடும் பெடல்கள் வழியாக அனுப்பினார். 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டில் கேட்கும் அந்தத் தட்டல் அப்படி வந்ததுதான். ஒரு ஒலிப்பொறியாளர் மேடையிலேயே அதைச் செய்து காட்டினார். முதலில் வெறும் தட்டல். சுருதியை இறக்கினார். பெடலைப் போட்டார். பழக்கப்பட்ட ஓசை வந்ததும் அரங்கு முழுவதும் கைதட்டல். அந்தப் பாட்டில் தாழ்ந்த சுருதிக்கான பேஸ் கிட்டாரே கிடையாது என்பதையும் விளக்கினார். வாசித்துப் பதிந்திருக்கிறார், கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார். நடனப் பாட்டில் பேஸ் இல்லாமல் 1984-இல் யாரும் வெளியிட மாட்டார்கள். அந்தப் பாட்டு அமெரிக்காவில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது.

மதம் பற்றிய அமர்வும் இருந்தது, உடை பற்றியும் இருந்தது. அவை சுமார். வார்னர் பிரதர்ஸோடு நடந்த ஒப்பந்தச் சண்டை பற்றிய பேச்சு நன்றாக இருந்தாலும் பலருக்கும் தெரிந்த கதை: 1993-இல் பெயரை விட்டு ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டது, கன்னத்தில் 'அடிமை' என்று எழுதியது, கடைசியில் 2014-இல் மூலப்பதிவுகளின் உரிமையைத் திரும்பப் பெற்றது.

இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஓய்வுபெற்ற நர்ஸம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். தன் வீடும் ஸ்டூடியோவுமான பெய்ஸ்லி பார்க்கில் பிரின்ஸ் நடத்திய ராத்திரி நடனக் கூட்டங்களுக்குப் பல வருடங்கள் போனவர். மது கிடையாது. எப்போது வருவார், வாசிப்பாரா மாட்டாரா, எதுவும் தெரியாது. சில நாள் விடியற்காலை வரை காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். 2016 ஏப்ரல் 16 கூட்டத்துக்கும் போயிருக்கிறார். அதற்கு முந்தைய நாள் அதிகாலையில்தான் பிரின்ஸ் வந்த விமானம் அவசரமாக இலினாயில் இறங்கி, அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன செய்தி வந்திருந்தது. மறுநாள் ராத்திரி மேடைக்கு வந்து, புது ஊதாப் பியானோவைக் காட்டி, பிரார்த்தனைகளை வீணாக்குவதற்கு முன்னால் சில நாள் பொறுங்கள் என்று சொன்னாராம். நர்ஸம்மா தொடர்ந்து சொன்னது: "ஒல்லியாகத் தெரிந்தார். என் தொழிலே அதுதான், எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் பியானோவைத்தான் காட்டினார். அதனால் பியானோவைத்தான் பார்த்தேன்."

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அதே வாரம் ஏப்ரல் 19 அன்று, பிரின்ஸின் மரணத்தில் யார் மேலும் குற்ற வழக்கு இல்லை என்று மாவட்ட வழக்கறிஞர் அறிவித்தார். விக்கோடின் என்ற வலி மாத்திரை என்று நம்பி அவர் சாப்பிட்டது, அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் கலந்த போலி மாத்திரை, அதைக் கொடுத்தது யார் என்று நிரூபிக்க முடியவில்லை. தொலைக்காட்சியில் நாள் முழுக்க அதே மாத்திரை, அவர் இறந்துகிடந்த அதே லிஃப்ட், அதே படங்கள். கருத்தரங்கில் கூடியவர்கள் அவரை என்னைவிடப் பல மடங்கு நேசித்தவர்கள். அவர்கள் பேசியது டிரம் மெஷினைப் பற்றி, பிளிமத் அவென்யூவைப் பற்றி, எடுத்துவிட்ட பேஸைப் பற்றி. ஒரு கலைஞருக்குச் செய்யும் மரியாதை இதுதான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். அதே ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவருடைய தங்கை வாங்கிக்கொண்டார்.

மற்றவர்களும் எழுதுங்கள்.

*

அண்ணா, அந்த நர்ஸம்மா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

நான் கருத்தரங்குக்குப் போனதில்லை, பெய்ஸ்லி பார்க்குக்குப் போயிருக்கிறேன். மினியாபொலிஸில் இருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர், சான்ஹாசன் என்ற ஊர். வெளியே இருந்து பார்த்தால் வெள்ளை நிறத்தில் ஏதோ அலுவலகக் கட்டடம் மாதிரி இருக்கும். 65,000 சதுர அடி. 1987-இல் திறந்தது. அவர் இறந்த ஆண்டே அக்டோபரில் அருங்காட்சியகமாக மாறிவிட்டது.

உள்ளே போகும்போது கைப்பேசியை ஒரு பையில் போட்டுப் பூட்டி நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். திரும்பி வரும்போதுதான் திறப்பார்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கு அதில் பெரிய வருத்தம். எனக்கு அதனால்தான் அந்த இடமே கிடைத்தது. படம் எடுக்க முடியாததால் எல்லோரும் பார்த்தார்கள். ஸ்டூடியோ ஏ-யில் நின்றபோது, இந்தச் சுவருக்குள் ஒரே ஆள் டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு என்று மாறி மாறி உட்கார்ந்து ராத்திரி முழுக்க வேலை செய்திருக்கிறார் என்பது உடம்பிலேயே உறைத்தது. அவருடைய ஒலிப்பொறியாளர் சூசன் ராஜர்ஸ்தான் 80-களில் பதிவு நாடாக்களைத் தேடிச் சேர்த்து முறைப்படுத்த ஆரம்பித்தவர். 'வால்ட்' என்று இன்று எல்லோரும் பேசுகிற பெட்டகம் அப்படித்தான் வளர்ந்தது. அந்த நாடாக்கள் இப்போது அங்கே இல்லை, 2017-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர்க்காரர்களில் பலருக்கு அதில் மனக்குறை உண்டு. எனக்கும் உண்டு. பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னாலும், அவர் வைத்த இடத்தில் இருந்து எடுத்தது மனதுக்கு ஒப்பவில்லை.

போகிறவர்கள் கட்டடத்தோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் நெடுஞ்சாலை 5-க்கு அடியில் நடந்துபோகும் சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. சுவர் முழுக்க ரசிகர்கள் வரைந்ததும் எழுதியதும். டிக்கெட் இல்லை, வழிகாட்டி இல்லை. நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன்.

*

இரண்டு பேருக்கும் நன்றி. நான் 2016-இல் மினியாபொலிஸ் நகர மையத்தில் வேலை பார்த்தவள். பிரின்ஸ் இறந்த செய்தி வந்த அன்று சாயங்காலம் அலுவலகத்தில் இருந்து நேராக ஃபர்ஸ்ட் அவென்யூ கிளப்புக்கு நடந்தேன். பழைய கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தை மாற்றிக் கட்டிய கிளப் அது. கறுப்புச் சுவரில் அங்கே வாசித்தவர்களின் பெயர்கள் வெள்ளி நட்சத்திரங்களாக இருக்கும். பிரின்ஸின் நட்சத்திரத்துக்குக் கீழே பூக்கள் ஏற்கெனவே குவிந்திருந்தன. அவர் இறந்த பிறகு அந்த ஒரு நட்சத்திரத்துக்கு மட்டும் தங்க நிறம்.

தெருவை மூடிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம். மேடை போட்டுப் பாடினார்கள், கிளப்பின் கதவைத் திறந்துவைத்து விடிய விடிய ஆட விட்டார்கள். மிசிசிப்பி மேல் இருக்கும் 35-டபிள்யூ பாலத்துக்கு ஊதா விளக்கு போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர் அறுபதைத் தாண்டியவர். 1983 ஆகஸ்ட் 3 அன்று இதே கிளப்புக்குள் இருந்தேன் என்றார். மினசோட்டா டான்ஸ் தியேட்டருக்கு நிதி திரட்டப் பிரின்ஸ் வாசித்த நிகழ்ச்சி அது. கிட்டார் வாசித்த வெண்டி மெல்வாயினுக்கு வயது 19, குழுவோடு அவருக்கு அதுதான் முதல் மேடை. 'பர்ப்பிள் ரெய்ன்' பாட்டை அன்றைக்குத்தான் முதல்முதலாக வெளியே வாசித்தார்கள். அதே பெயர் கொண்ட ஆல்பத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்த ராத்திரிப் பதிவுதான், பிறகு கொஞ்சம் வெட்டி, வயலின்கள் சேர்த்தது.

எனக்குத் தெரியாத பாட்டு, அதனால் கைதட்டக்கூடத் தோன்றவில்லை, சும்மா கேட்டுக்கொண்டு நின்றோம் என்றார் அவர். வெளியே ஜூலை வெயில் மாதிரி புழுக்கம், உள்ளே அதைவிட மோசம், ஆனால் யாரும் நகரவில்லையாம். அதன் பிறகு அந்தப் பாட்டை எப்போது கேட்டாலும் முதல் கிட்டார் ஓசைகளில் நான் அந்த அறையைத்தான் தேடுகிறேன்.

2024 ஜூனில் 'பர்ப்பிள் ரெய்ன்' 40-ஆம் ஆண்டுக்காகப் பெய்ஸ்லி பார்க்கில் கொண்டாட்டம் நடத்தினார்கள். என்னால் போக முடியவில்லை. இங்கே யாராவது போயிருந்தால், குறிப்பாகக் கிட்டார் வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால், அங்கே யார் என்ன வாசித்தார்கள், என்ன பேசினார்கள் என்று விரிவாக எழுதுங்கள்.