பாலைவன ரலியில் அனுசரணையாளரின் பணம் எதற்குச் செலவாகிறது?

கல்லடி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒவ்வொரு ஜனவரி மாதமும் சவூதி அரேபியாவில் நடைபெறும் டக்கார் ரலியை இணையத்தில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மணல்மேடுகளின் மேல் ஏறி இறங்கும் மோட்டார் சைக்கிள்களிலும் கார்களிலும் லொறிகளிலும், ஓட்டுநரின் பெயரைக் காட்டிலும் பெரிய எழுத்தில், எண்ணெயும் பானமும் விற்கும் நிறுவனங்களின் பெயர்களே கண்ணில் படுகின்றன. மைதானத்தில் நடக்கும் போட்டி என்றால் அங்கே கூடியிருக்கும் மக்கள் அந்தப் பெயர்களைப் பார்ப்பார்கள் என்று சொல்லலாம். ஆளரவமே இல்லாத பாலைவனத்தில் ஓடும் வாகனத்துக்கு ஒரு நிறுவனம் ஏன் இவ்வளவு பணம் கொடுக்கிறது, அந்தப் பணம் உண்மையில் எதற்குச் செலவாகிறது, பணம் கொடுப்பவர் பந்தயத்தின் போக்கையும் தீர்மானிக்கிறாரா என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் சித்தியின் மகன் கரடுமுரடான மண்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் உள்ளூர் மோட்டோகுரொஸ் போட்டிகளில் ஓடுகிறவன். அபுதாபியிலோ ராஜஸ்தானிலோ நடக்கும் ஒரு பாலைவன ரலியில் ஒரு தடவையாவது ஓட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அனுசரணை கேட்டு நகரிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு அவனோடு நானும் போயிருந்தேன். அங்கிருந்த முகாமையாளர் மரியாதையாகவே பேசினார், ஆனால் "இதனால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று அவர் கேட்டபோது எங்கள் இருவரிடமும் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எது?

பட்டிருப்பு ஆசிரியர் எழுதியது:

தம்பி, அந்த முகாமையாளர் கேட்ட கேள்விக்கான விடை இந்தப் பந்தயம் தொடங்கிய கதையிலேயே இருக்கிறது. தியெரி சபின் என்ற பிரெஞ்சுக்காரர் 1977 இல் ஆபிரிக்காவின் அபிஜானையும் பிரான்ஸின் நீஸையும் இணைத்த ரலியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் சென்றபோது ஆபிரிக்கப் பாலைவனத்தில் வழிதவறி, உயிர் பிழைத்து மீண்டார். அந்த நிலத்தின் அழகையும் அச்சத்தையும் பிறரும் அனுபவிக்க வேண்டும் என்று எண்ணி அவர் உருவாக்கியதுதான் பாரிஸ்–டக்கார். 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து 182 வாகனங்கள் புறப்பட்டன. அவற்றில் 74 மட்டுமே செனகலின் தலைநகரான டக்காரை அடைந்தன. மோட்டார் சைக்கிளில் முதலாவதாக வந்த சிறில் நெவு ஓட்டியது யமஹா எக்ஸ்டி 500, அதாவது எவரும் கடையில் வாங்கக்கூடிய ஒரு வண்டி. அந்த வெற்றியின் பொருளை உற்பத்தியாளர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். சகாராவைக் கடந்த வண்டி உங்கள் ஊர்ப் பாதையில் நின்றுவிடாது என்று சொல்வதைவிட வலிமையான விளம்பரம் எது?

மிட்சுபிஷி நிறுவனம் இதை மிக நன்றாகப் பயன்படுத்தியது. நமது நாட்டில் பஜெரோ என்ற பெயர் எவ்வளவு மதிப்போடு பேசப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும். அந்த மதிப்பின் பின்னால் 1985 இல் தொடங்கிப் பெற்ற 12 டக்கார் வெற்றிகள் இருக்கின்றன. 2001 முதல் 2007 வரை ஒவ்வொரு ஆண்டும் கார்ப் பிரிவில் அவர்களே வென்றார்கள். அந்த வரிசையின் முதல் வெற்றியைப் பெற்றவர் யூட்டா கிளைன்ஷ்மிட் என்ற ஜெர்மன் பெண்மணி. கார்ப் பிரிவில் ஒட்டுமொத்தமாக வென்ற முதற்பெண் அவரே. எனினும், உலகப் பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி 2009 பெப்ரவரியில் மிட்சுபிஷி வெளியேறியபோது அத்தனை ஆண்டுப் பெருமையும் அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை. அடுத்து 2009, 2010, 2011 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற வொல்க்ஸ்வாகனும் வேறு பந்தயத்துக்குப் போய்விட்டது. 2024 இல் வென்ற ஔடியும் பொர்முலா 1 நோக்கித் திரும்பியது. உற்பத்தி நிறுவனம் வெற்றியை வாங்கிக்கொண்டு போய்விடும் என்று இதைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அல்லது இனிக் கிடைக்காது என்று கணக்குப் பார்த்ததும் அது போவது இயல்பு. ஆனால் ஓட்டுநர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

வாகனம் தயாரிக்காத அனுசரணையாளர்களின் கதை வேறு. 1980களில் இந்தப் பந்தயத்தின் நிறங்களைத் தீர்மானித்தவை பெரும்பாலும் புகையிலை நிறுவனங்கள். போர்ஷே கார்களில் ரொத்மன்ஸ், பேஜோ கார்களில் கெமல், பிற்காலத்தில் கேடிஎம் நிறுவனத்தின் நீல மோட்டார் சைக்கிள்களில் கோலுவாஸ். மற்ற இடங்களில் புகையிலை விளம்பரத்துக்குக் கதவுகள் அடைபட அடைபட, மணலில் எழும் தூசியோடு சேர்ந்து தொலைக்காட்சியில் தெரியும் ஒரு பெயர் அவர்களுக்கு மிகவும் பெறுமதியானதாக இருந்தது. பார்வையாளர் பாலைவனத்தில் இருக்கத் தேவையில்லை. ஒளிப்படக் கருவியும் ஹெலிகொப்டரும் இருந்தால் போதும். 2005 நடுப்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வந்த பின்னர் அந்த இடத்தைச் சக்திப் பானங்களும் எண்ணெய் நிறுவனங்களும் நிரப்பின. நமது நாட்டிலும் 2006 ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபைச் சட்டம் அத்தகைய அனுசரணையைத் தடைசெய்துள்ளது. விளையாட்டுக்கு அதனால் பண இழப்பு ஏற்பட்டிருக்கலாம். ஆயினும் இளைஞர்கள் வழிபடும் ஒரு வீரனின் நெஞ்சில் சிகரெட்டின் பெயர் இருப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

அனுசரணை பந்தயத்தின் முடிவை மாற்றுமா என்று கேட்டீர்கள். 1989 இல் நடந்ததைச் சொல்கிறேன். பேஜோ அணியின் இரண்டு கார்கள் முன்னணியில் இருந்தன. ஒன்றை அரி வட்டனனும் மற்றொன்றை ஜாக்கி இக்ஸும் ஓட்டினார்கள். இருவரும் ஒருவரையொருவர் முந்த முயன்று இரண்டு கார்களும் நாசமாகிவிடும் என்று அஞ்சிய அணித்தலைவர் ஜான் டொட், ஒரு நாணயத்தைச் சுண்டி, யார் வெல்வது என்பதைத் தீர்த்தார். வட்டனன் வென்றார். விளையாட்டு என்ற வகையில் அது எனக்கு இன்றும் வலிக்கிறது. பணம் போட்டவருக்கு எந்த ஓட்டுநர் வந்தாலும் அதே வெற்றிதான். பல மாதங்கள் தயாராகிய இரண்டு மனிதர்களுக்கு அது ஒன்றல்ல.

இப்போது மிகப்பெரிய அனுசரணையாளர் பந்தயத்தை நடத்தும் நாடே. மொரிட்டேனியாவில் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்டதையடுத்து எழுந்த அச்சுறுத்தலால் 2008 பந்தயம் தொடக்கத்துக்கு முந்தைய நாள் லிஸ்பனில் கைவிடப்பட்டது. 2009 இல் பந்தயம் தென்னமெரிக்காவுக்குப் போனது. அங்கே அயல்நாடுகள் செலவைக் கருதி ஒதுங்கியதால் 2019 இல் பெரு மட்டுமே எஞ்சியது. 2020 முதல் சவூதி அரேபியா. பாதையையே பணம் இடம் மாற்றியிருக்கிறது என்றால், உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

அக்கரையூரான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். நான் சவூதியில் ஹாயில் பக்கம் சில காலம் வேலை செய்தவன். ரலி அந்தப் பகுதிக்கு வந்தபோது முகாமுக்குப் பொருட்கள் கொண்டுபோகும் வேலையில் இருந்ததால், பணம் எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன வரலாற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய அணியின் ஓட்டுநர் மாலையில் வந்து வண்டியைக் கொடுத்துவிட்டு உணவு, உடம்பு பிடித்துவிடல், உறக்கம் என்று போய்விடுகிறார். மெக்கானிக்குகள் இரவு முழுவதும் வண்டியைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உதிரிப்பாகங்கள் நிறைந்த லொறிகள், சமையலாட்கள், வைத்தியர், வழிச்செலுத்தலைக் கவனிப்பவர். விடிந்ததும் அவ்வளவும் அடுத்த முகாமுக்கு நகர வேண்டும். அனுசரணையாளரின் பணத்தில் வேகத்துக்குப் போவது ஒரு பங்குதான்; பெரும்பகுதி அந்த ஓட்டுநரின் உறக்கத்துக்கே போகிறது என்பேன். இரண்டு வாரப் பந்தயத்தில் நன்றாக உறங்கியவனுக்கும் உறங்காதவனுக்கும் உள்ள வித்தியாசம், மணல்மேட்டின் மறுபுறத்தில் என்ன இருக்கிறது என்று யோசிக்கும் அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிடும்.

அதே முகாமின் இன்னொரு மூலையில் உதவியாளர் எவரும் இல்லாமல் ஓடும் மோட்டார் சைக்கிள்காரர்கள் இருப்பார்கள். ஒரு பெட்டி, ஒரு கூடாரம், மாற்றுச் சில்லுகள். இவற்றை ஏற்பாட்டாளர் ஏற்றிச் செல்வார், மற்ற அனைத்தையும் அவர்களே செய்துகொள்ள வேண்டும். அந்தப் பிரிவுக்குப் பெயரே மோட்டுல் என்ற எண்ணெய் நிறுவனத்தினுடையது. தலைவிளக்கின் வெளிச்சத்தில் டயர் மாற்றிக்கொண்டிருக்கும் ஒருவரின் மேலங்கியைப் பார்த்தால் பத்துப் பதினைந்து சிறிய பெயர்கள் தைக்கப்பட்டிருக்கும்: அவருடைய ஊர்ப் பேக்கரி, பல் வைத்தியர், ஓடு விற்பவர். என் மனம் அவர்கள் பக்கமே நின்றது. உங்கள் தம்பியும் அந்த வழியில்தான் போக முடியும், போகவும் வேண்டும்.

ஏற்பாட்டாளர்களும் பணத்தின் பலத்தைக் குறைக்கச் சில முயற்சிகள் எடுத்திருக்கிறார்கள். முன்பு, ஓட வேண்டிய வழியைச் சொல்லும் பாதைக் குறிப்பேட்டை முதல்நாள் மாலையிலேயே கொடுத்துவிடுவார்கள். பணமுள்ள அணிகள் செய்மதிப் படங்களைப் பார்த்து வழியைக் கண்டுபிடிக்கத் தனி ஆட்களை அமர்த்தியிருந்தன. 2021 முதல் புறப்படுவதற்குச் சற்று முன்னர்தான் கொடுக்கிறார்கள். மோட்டார் சைக்கிள்களின் இயந்திரக் கொள்ளளவுக்கு 2011 முதல் 450 சிசி வரம்பும் உண்டு. இவை முழுமையான தீர்வு இல்லை, ஆனால் தனியாக ஓடுபவருக்கு உதவுகின்றன.

திருக்கோவில் மகள் எழுதியது:

ஒரு தனியார் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் பணியாற்றுகிறேன். அனுசரணைக் கடிதங்களை வாசிப்பது என் வேலைகளில் ஒன்று. எனவே முகாமையாளரின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

தம்பி, எங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஓட்டுநரின் கனவைப் பற்றியே பேசுகின்றன. கனவை நாங்கள் மதிக்கிறோம், ஆனால் அதற்குக் கணக்குப் புத்தகத்தில் தலைப்பு இல்லை. "வெல்வேன்" என்ற வாக்குறுதியும் வேண்டாம். பாலைவனத்தில் அதை எவராலும் கொடுக்க முடியாது. போட்டிக்கு முன்னரும் பின்னரும் நீங்கள் செய்யப்போவதை எழுதுங்கள். எங்கள் பெயர் பொறித்த வண்டி கல்முனையிலும் மட்டக்களப்பிலும் எத்தனை பாடசாலைகளுக்கு வரும், பயிற்சியின் படங்களை மாதம் எத்தனை தடவை தருவீர்கள், முதல் நாளே வண்டி பழுதாகி நின்றாலும் எங்களுக்கு என்ன மிஞ்சும். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கும் கடிதத்தை நான் மேலதிகாரியிடம் கட்டாயம் கொண்டுபோவேன்.

பாதுகாப்பையும் காப்புறுதியையும் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் உயிரிழந்தார்கள். அதன் பின்னர் மோட்டார் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் நிர்வாகத்தினரின் மனதில் எழுவது அந்த நாள்தான்.

ஆசிரியர் ஐயாவோடு ஓரிடத்தில் உடன்படவில்லை. உற்பத்தி நிறுவனங்கள் போய்விடும் என்பது உண்மை, ஆனால் அவை உருவாக்கிவிட்டுப் போகும் மனிதர்களை மறக்கலாகாது. இந்தியாவைப் பாருங்கள். சி.எஸ். சந்தோஷ் 2015 இல் டக்காரை முழுமையாக ஓடி முடித்த முதல் இந்தியர். அதன் பின்னரே ஹீரோ மோட்டார் சைக்கிள் நிறுவனம் அணி அமைத்து 2017 இல் அவரைக் களமிறக்கியது. 2024 இல் அதே அணிக்காக ஓடிய பொட்ஸ்வானா நாட்டவர் ரொஸ் பிராஞ்ச் இரண்டாம் இடம் பெற்றார். ஓசூரில் இயங்கும் டிவிஎஸ், பிரான்ஸின் ஷெர்கோ மோட்டார் சைக்கிள் நிறுவனத்தோடு இணைந்து ஓட, கேரளத்து ஹரித் நோவா 2024 இல், முன்னணி ஓட்டுநர்களுக்கு அடுத்த நிலையான ரலி 2 பிரிவை வென்றார். முதலில் ஒரு மனிதன் ஓடிக் காட்டினான், பிறகு நிறுவனம் வந்தது. கேடிஎம் 2024 நவம்பரில் கடன் சுமையால் நீதிமன்றத்தை நாடிய பின்னரும் அடுத்த ஜனவரியில் அதன் ஓட்டுநர் டானியல் சாண்டர்ஸ் வென்றார். 2025 இல் அந்த நிறுவனத்துக்குப் பெருநிதி கொடுத்துக் கைகொடுத்தது நமது முச்சக்கர வண்டிகளைச் செய்யும் பஜாஜ். தென்னாசியப் பணம் இந்த விளையாட்டுக்குள் வந்துவிட்டது. இலங்கையில் இந்த வண்டிகளின் முகவர்களிடம் உங்கள் தம்பி போகலாம். நகரிலுள்ள ஒரே நிறுவனத்தோடு முயற்சியை நிறுத்த வேண்டாம்.

கல்லடி வாசி எழுதியது:

ஆசிரியர் ஐயா, அக்கரையூரான் காக்கா, திருக்கோவில் அக்கா, மூவருக்கும் நன்றி. முகாமையாளருக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதுதான் விளங்கிக்கொண்டேன். ஒரு பெரிய அனுசரணையாளரைத் தேடுவதைவிட, காக்கா சொன்னதுபோல ஊரிலுள்ள பல சிறிய கடைகளிடமும் சுவிஸிலும் கனடாவிலும் உள்ள உறவுகளிடமும் சிறிது சிறிதாகப் பெறுவதே சரி என்று தம்பியும் சொல்கிறான். ஒரு சந்தேகம்: அவனுடைய வண்டியையே கப்பலில் அனுப்ப வேண்டுமா?

அக்கரையூரான் எழுதியது:

வேண்டாம் தம்பி. கப்பற் கூலி, சுங்கப் பத்திரங்கள், பிணைத்தொகை எல்லாம் சேர்ந்தால் சேர்த்த பணம் அங்கேயே முடிந்துவிடும். வளைகுடாவில் ரலிக்கென ஆயத்தப்படுத்திய மோட்டார் சைக்கிளை, பராமரிப்போடு சேர்த்து வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதிக் கட்டணம், வாடகை, காப்புறுதி, விமானச் சீட்டு என்று நான்கு வரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கடைக்காரரிடமும் அவருடைய காசு எந்த வரிக்குப் போகிறது என்று காட்டுங்கள். தலைக்கவசமும் கழுத்துப் பாதுகாப்பும் மட்டும் அவனுடைய சொந்தமாக, அளவெடுத்து வாங்கியதாக இருக்கட்டும். அவற்றை வாடகைக்கு எடுக்க வேண்டாம்.