பொருள்: அமெரிக்கக் கறுப்பர் கல்லூரிகளுக்கு ஒரு கலைச்சொல் வேண்டும்

ச.: அன்பு நண்பர்களே, அமெரிக்க வரலாற்றுப் பாடம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. வரைவில் 'Historically Black College' என்பதற்கு 'வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரி' என்றிருக்கிறது. மாணவர்கள் ஏதோ நினைவுச்சின்னம் என்று எண்ணிவிடுவார்கள். இன்றும் 100 அளவில் இயங்குகின்றன. அமெரிக்கக் கல்லூரிகளில் நூற்றுக்கு மூன்றுதான், ஆனால் கறுப்பின மாணவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அங்கே படிக்கிறார். 1965 உயர்கல்விச் சட்டப்படி, அரசின் பட்டியலில் சேர 1964க்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். கறுப்பினத்தவர் கல்வியே அன்றும் இன்றும் முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும். தர ஏற்பும் வேண்டும்.

ந.: 'தொல்கறுப்பர் கல்லூரி'. இவற்றில் செய்னி தொடங்கியது 1837இல், லிங்கன் 1854இல். 'தொல்' தகும்.

க.: ஐயா, அது கற்கால மனிதருக்குக் கல்லூரி கட்டியதுபோல் இருக்கிறது! வெறும் 'கறுப்பர் கல்லூரி' போதும்.

ச.: போதாது. நியூயார்க்கின் மெட்கர் எவர்ஸ் கல்லூரியில் கறுப்பின மாணவர்களே மிகுதி. 1970இல் தொடங்கியதால் பட்டியலில் இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டு ஸ்டேட்டில் வெள்ளையர் பெரும்பான்மை, பட்டியலில் உண்டு. இதற்கென உள்ள ஒன்றிய அரசு நிதியும் பட்டியலைப் பார்த்தே போகிறது.

ம.: தொகையை விரியுங்கள். 'கறுப்பரது கல்லூரி' என்று ஆறாம் வேற்றுமையாகக் கொண்டால் புளூஃபீல்டு இடிக்கும். 'கறுப்பர்க்கு' என்று நான்காம் வேற்றுமையாக விரித்தால் நன்னூலார் சொன்ன 'பொருட்டு'ப் பொருள் வந்துவிடும். 'கறுப்பர்க்கென எழுந்த கல்லூரி' என்போம். யாரும் இடையின ரகரம் போடாதீர்கள். 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்பது தொல்காப்பியம். 'கருப்பு' என்றால் பஞ்சம்.

ந.: இங்கே வெகுளி, பஞ்சம் இரண்டும் பொருந்தும். 1890 மோரில் சட்டம், நிலக்கொடைக் கல்லூரியில் (ஒன்றிய அரசின் நிலக்கொடையால் உருவானது) கறுப்பரைச் சேர்க்காத மாநிலம் அவர்களுக்குத் தனிக் கல்லூரி நடத்தி நிதியை நியாயமாகப் பகிர வேண்டும் என்றது. பகிர்ந்த லட்சணம்: 30 ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று 2023இல் ஒன்றிய அரசு 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது.

க.: 'எழுந்த' இறந்தகாலம். சட்டத்தின் 'இன்றும்' எங்கே போயிற்று? அட்டவணைக் கட்டத்திலும் அடங்காது.

ம.: சரி, 'கறுப்பர் மரபுக் கல்லூரி'. மரபு அறுபடாமல் வருவது.

ச.: நம்மில் மூவர் இதற்கே இசைகிறோம். சொல் முதலில் வரும் இடத்தில் வரையறையையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். ஹோவர்டு போன்ற பல்கலைக்கழகங்களும் இதில் அடங்கும் என்று அடிக்குறிப்பு போடலாம்.

க.: என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். மரபுக்கவிதை படித்த பிள்ளை, மரபுக் கல்லூரி என்றதும் பழைய பாணிக் கல்லூரி என்றுதான் விடைத்தாளில் எழுதும்.