புதுப்பிப்பு: வேற அக்கவுண்ட்ல ஏறின அம்மாவோட டெபாசிட் திரும்ப வந்துருச்சு

ஐடியா குடுத்த எல்லாருக்கும் நன்றி. புதுசா பாக்குறவங்களுக்கு: கேஷ் கவுண்டர்ல அம்மா கட்டின பணத்த, ஸ்லிப்ல நம்பர் சரியா இருந்தும், கேஷியர் கடைசி ரெண்டு டிஜிட்ட மாத்தி அடிச்சதுல வேற யாரோ அக்கவுண்ட்ல ஏறிருச்சு. "அந்த பார்ட்டி சம்மதிச்சாதான் எடுக்க முடியும்"னு பிராஞ்ச்ல ஒரே பாட்டு.

நீங்க சொன்னதுல வேல செஞ்சது, லெட்டர் எழுதி குடுக்குற ஐடியாதான். மேனேஜர் பேருக்கு எழுதி, சீல் வச்ச கவுண்டர்ஃபாயில் (ஸ்லிப்ல நம்மகிட்ட திருப்பி குடுக்குற பாதி) ஜெராக்ஸ் சேத்து, அந்த அக்கவுண்ட்ல அந்த தொகைக்கு லியன் (பணத்த எடுக்க முடியாதபடி பிடிச்சு வைக்கிறது) போடுங்கன்னு கேட்டு, நம்ம காப்பியில தேதியோட சீல் வாங்கிட்டேன். சீல் போடதான் ரொம்ப இழுத்தாங்க, 30 நாள்ல பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன் (பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிறவர்) கிட்ட போவேன், அதுக்கு இந்த காப்பி வேணும்னு சொன்னப்புறம்தான் ஸ்டாம்ப் பேட் வெளிய வந்துச்சு. அதுவர வாயால சொன்னதெல்லாம் கணக்குலயே இல்ல. ஓம்பட்ஸ்மேன் வரைக்கும் போகவே வேண்டியிருக்கல.

எதிர்பாக்காதது என்னன்னா, அந்த ஆளு ஏற்கனவே கொஞ்சம் ஏடிஎம்ல எடுத்துட்டாராம், ஆனா பேங்க் நமக்கு முழுசா குடுத்துருச்சு, அவர்கிட்ட வசூல் பண்றது அவங்க பாடு.

இன்னொன்னு, பணம் திரும்பி வந்த தேதியிலதான் என்ட்ரி விழுந்துச்சு, நடுவுல இஎம்ஐ பவுன்ஸ் ஆகி சார்ஜ் வேற பிடிச்சிருந்தாங்க. அம்மா கட்டின பழைய தேதியையே 'வேல்யூ டேட்'னு (பணம் ஏறினதா கணக்குல எடுத்துக்குற தேதி) போடச்சொல்லி தனியா எழுதி குடுத்தேன், சார்ஜும் திரும்பிருச்சு. பாஸ்புக்க என்ட்ரி போட்டு பாருங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க.