16 வயசுக்குக் கீழ சமூக ஊடகக் கணக்கு கிடையாது: ஆஸ்திரேலியா செஞ்சது சரியா?

வெண்ட்வர்த்வில் அம்மா:
டிசம்பர் 10, 2025 தொடக்கம் இஞ்ச 16 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள் இன்ஸ்டாகிராம், டிக்டொக், ஸ்னாப்சாட், யூடியூப் எண்டு 10 தளங்களில கணக்கு வச்சிருக்கேலாது. என்ர மகளுக்கு 14. ஸ்னாப்சாட்டில சிநேகிதியோட 412 நாள் விடாமக் காத்த ஸ்ட்ரீக் (ரெண்டு பேரும் நாளாந்தம் படம் அனுப்பினாத்தான் அறாமல் ஏறுற நாள் எண்ணிக்கை) அறுந்துபோச்செண்டு ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடேல்ல. அவ்வளவு நாளும் என்னதான் அனுப்பினனி எண்டு கேட்டன். "கனக்க சுவர்ப் படம்தான்" எண்டாள். சட்டம் வேணும் எண்டு நான் சொல்லுறது இதுக்குத்தான். தண்டனை பிள்ளைக்குமில்லை, எங்களுக்குமில்லை. கம்பனிக்குத்தான், 4.95 கோடி டொலர் வரைக்கும்.

கோடம்பாக்கத்தான்:
சுவர்ப் படம் சூப்பர் அக்கா :) ஆனா லாக்-இன் பண்ணாம யூடியூப்பை இன்னமும் யார் வேணா பார்க்கலாமே? பிள்ளை கணக்குல நீங்க போட்டு வெச்ச கட்டுப்பாடெல்லாம் கணக்கோடயே போயிடுச்சு. மாட்டை விட்டுட்டு கயித்தைப் பத்திரமா வெச்சிருக்காங்க. பிரிட்டன்ல 2025 ஜூலையில ஆபாசத் தளங்களுக்கு வயசுச் சோதனை வந்தப்ப என்னாச்சு? எந்த நாட்டுல இருந்து பார்க்கறோம்னு மறைக்கற விபிஎன் ஆப் எல்லாம் டவுன்லோடு பட்டியல்ல மேல ஏறிடுச்சு.

பின்னிரவு நிரலர்:
கோடம்பாக்கம் சொல்றது பாதி சரி. ஆனா பிள்ளையைப் பிடிச்சு வைக்கிறது வீடியோ மட்டும் இல்ல, கணக்குதான். நோட்டிஃபிகேஷன், லைக், ஸ்ட்ரீக் எல்லாம் அதுலதான் தொங்குது. எதுல எத்தனை நொடி நின்னீங்கன்னு கணக்குல எழுதி வெச்சு, அடுத்ததை அதுக்கேத்த மாதிரி தள்ளுவாங்க. இதைப் பத்தி அக்காதான் சொல்லணும்.

வெண்ட்வர்த்வில் அம்மா:
ஓம் தம்பி. லண்டனில 2017இல 14 வயசுப் பிள்ளை ஒண்டு செத்தது. இணையத்தில பாத்ததும் ஒரு காரணம் எண்டு 2022இல மரண விசாரணை அதிகாரி தீர்ப்பில சொன்னார். அதில சிலது அந்தப் பிள்ளை தேடாமலே தானா வந்தது. அதை வாசிச்ச நாளிலயிருந்து எனக்குச் சுதந்திரம், கருத்துரிமை எண்டு ஆரும் கதைச்சாக் காதில ஏறுதில்லை.

கோடம்பாக்கத்தான்:
அதுக்கு மறுப்பே இல்லக்கா. தள்ளுறதைத் தடை பண்ணுங்க, பிள்ளையை ஏன் தடை பண்றீங்கன்னுதான் கேக்கறேன். இந்தியாவுல 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 9ஆம் பிரிவு, 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க இணையத்துல என்ன பண்றாங்கன்னு கம்பெனிங்க பின்தொடரக் கூடாது, குறிவெச்சு விளம்பரம் காட்டக் கூடாதுங்குது. அது நல்ல விஷயம். ஆனா அதே பிரிவு பெற்றோர் ஒப்புதலும் கேக்குது. எங்க தெருவுல பாதி வீட்டுல ஒரே போன்தான், அதுவும் அப்பா பேர்ல. ஒப்புதல்னு வந்தா அண்ணனுக்குக் கிடைக்கும். பிளஸ் டூ படிக்கிற தங்கச்சிக்கு "உனக்கெதுக்கு?"ன்னு பதில் வரும்.

பின்னிரவு நிரலர்:
இது நான் யோசிக்காதது. எங்க வீட்டுலயும் அப்படித்தான் நடந்திருக்கும்.

வெண்ட்வர்த்வில் அம்மா:
தங்கச்சி கதை எனக்கும் தெரியும், நானும் அப்பிடி வளர்ந்தவள்தான். ஆனா இஞ்ச சட்டம் தாய் தகப்பனைக் கேக்கேல்ல. ஒப்புதல் குடுத்தாலும் கணக்கு இல்லை. அதால அண்ணனுக்கும் இல்லை, தங்கச்சிக்கும் இல்லை. வீட்டில நான் கெட்டவளாகாமல் தப்பினன்.

ஒரு உண்மையும் சொல்லவேணும். மகளின்ர 13 வயசுச் சிநேகிதி கொஞ்சம் மை பூசி, முகத்தைப் பாத்து வயசு கணிக்கிற சோதனைக்குக் கமராவுக்கு முன்னால நிண்டவள். ஒரு ஆப் அவளை 18க்கு மேல எண்டு விட்டிட்டுது. அவளின்ர 19 வயசு அண்ணனைத்தான் அடையாள அட்டை கேட்டது.