44 பட்டியல், 6 ஆசனம்: சின்ன அணிக்குப் போட்டால் வாக்கு வீணோ?

வலிகாமத்தான்:
வாற 2024 நவம்பர் 14ஆம் திகதி இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல். எங்கட யாழ் தேர்தல் மாவட்டத்தில, கிளிநொச்சியும் சேர்த்து, 6 ஆசனத்துக்கு 44 பட்டியலில (கட்சியளும் சுயேச்சைக் குழுக்களும்) 396 பேர் நிக்கினம். எனக்குப் பிடிச்ச ஆள் ஒரு சின்னச் சுயேச்சைக் குழுவில. "அதுக்குப் போட்டால் குப்பையில போட்ட மாதிரி" எண்டு ஊரில சொல்லுகினம். கணக்குத் தெரிஞ்சாக்கள் விளங்கப்படுத்துங்கோ. வீட்டில வயது போனவையும் இருக்கினம், வாக்குச் சீட்டில எப்பிடிப் போடுறது எண்டதையும் சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை:
எங்கட மாவட்டத்தின்ர 2020 தேர்தலை வச்சுப் பாருங்கோ. செல்லுபடியான வாக்கு 359,130. அதில 5 வீதம் எடுக்காத அணியெல்லாம் முதலிலயே வெளிய. அதாவது 18,000க்குக் கிட்ட எடுக்கவேணும். தப்பினது அஞ்சு கட்சி, சின்னத்தாலயே சொல்லுறன்: வீடு 112,967, சைக்கிள் 55,303, கை 49,373, வீணை 45,797, மீன் 35,927. கூட்டினால் 299,367.

அப்ப 7 ஆசனம். முதலாவதா வந்த வீட்டுக்குப் போனஸ் ஆசனம் ஒண்டு. அந்த 299,367ஐ மிச்சம் ஆறு ஆசனத்தால பிரிச்சால் ஓர் ஆசனத்தின்ர விலை, அதாவது அதுக்கு வேண்டிய வாக்கு, 49,894. வீட்டுக்கு இரண்டு, சைக்கிளுக்கு ஒண்டு. மற்ற மூண்டும் மிச்ச வாக்குக் கூடின ஒழுங்கில கை, வீணை, மீனுக்குப் போச்சு. கை ஐந்நூற்றிச் சொச்சத்தால முழு விலையைத் தவறவிட்டும் ஆசனம் எடுத்தது.

இந்த முறை ஒரு ஆசனம் குறைவு, அதுதான் விசயம். அதே வாக்குகளைப் போனஸ் போக மிச்சம் அஞ்சால பிரிச்சுப் பாருங்கோ, விலை 59,873. வீட்டுக்கு முழுசா ஒண்டு, மிச்சம் 53,094. அந்த மிச்சமே கையையும் வீணையையும் முந்தும். போனஸோட வீட்டுக்கு அப்பவும் மூண்டுதான். வெறுங்கையோட போறது மீன்.

இன்னொண்டையும் கனபேர் கவனிக்கிறேல்ல. 5 வீதத்துக்குக் கீழ போன 60,000 வாக்கு அளவில கழிபட்டதாலதான் அப்ப விலை இறங்கினது. சின்ன அணிக்குப் போடுற வாக்கு சும்மா கிடக்காது, பெரிய அணியளுக்கு ஆசனத்தை மலிவாக்கிக் குடுக்கும். உங்கட ஆளின்ர குழு 5 வீதம் தாண்டும் எண்டு நம்பினால் தாராளமாப் போடுங்கோ. தாண்டாது எண்டால் தெரிஞ்சுகொண்டு போடுங்கோ.

நல்லூரடி:
கணக்குச் சரி அண்ணை. ஆனா எல்லாரும் "தாண்டாது" எண்டு நினைச்சால் ஒருத்தரும் தாண்டமாட்டினம். 44 பட்டியலாப் பிரிஞ்சு நிக்கேக்க முதலாமிடமே சின்ன வித்தியாசத்தில போகலாம், போனஸும் அதோட போகும்.

சீட்டு விசயம். செப்டெம்பரில ஜனாதிபதித் தேர்தலுக்கு 1, 2, 3 எண்டு எழுதினவை அதே ஞாபகத்தில போகப் பாப்பினம். இதில இலக்கம் எழுதவேண்டாம், புள்ளடி (X) மட்டும். முதல்ல கட்சி அல்லது குழுவின்ர சின்னத்துக்கு நேரான பெட்டியில ஒரேயொரு புள்ளடி. பிறகு சீட்டின்ர அடியில வேட்பாளர் இலக்கம் 1 தொடக்கம் 9 வரை இருக்கும், விரும்பின ஆக்களின்ர இலக்கத்தில, மூண்டுக்கு மேல போகாமல், புள்ளடி. இதுதான் விருப்பு வாக்கு. பேர் இராது, இலக்கம் மட்டும்தான். எல்லாப் பட்டியலுக்கும் அதே ஒன்பது இலக்கம்தான் எண்டபடியால் வீட்டுக்குப் போட்டுட்டு 4ஐக் கீறினால் அது வீட்டின்ர 4ஆம் ஆளுக்கு. வேற கட்சி ஆளுக்கு விருப்பு வாக்குப் போடேலாது.

வயது போனவைக்கு இலக்கங்களை முதல் நாளே பாடமாக்கிக் குடுங்கோ. சீட்டு நீளம், சின்னம் தேடவே நேரம் போகும். அடையாள அட்டை கட்டாயம். வாக்காளர் அட்டை இல்லாட்டிலும் போடலாம்.

வலிகாமத்தான்:
நன்றி. தவறி நாலு இலக்கத்துக்குப் போட்டால் முழுச் சீட்டும் பழுதோ?

நல்லூரடி:
இல்லை. விருப்பு வாக்கு மட்டும் போகும், கட்சிக்குப் போட்டது எண்ணப்படும். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டாலோ, இரண்டு சின்னத்துக்குப் போட்டாலோதான் முழுதும் நிராகரிப்பு. பேர், கையெழுத்து எண்டு ஆளைக் காட்டிக்குடுக்கிற எதையும் எழுதினாலும் அப்பிடித்தான்.